எட்டாவது யூனிட் எங்கே போனது?

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் தேர்வுக் காலத்தில் ஏறினால் பெட்டி முழுக்கப் படிப்புச் சத்தமாக இருக்கும். அப்படியொரு காலையில் எனக்கு எதிரே இரண்டு மாணவிகள். ஒருத்தி மேஜர் பேப்பர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு மந்திரம் சொல்வதுபோல முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மற்றவள் கையில் மெலிந்த கைடு ஒன்று. "உனக்கென்னடி, ஈவிஎஸ்தானே. போற வழியில புரட்டினாலே பாஸ்" என்றாள் முதலாமவள், பொறாமையோடு. மற்றவள் மறுக்கவில்லை.

பரனூர் தாண்டியதும் கொளவாய் ஏரி வந்தது. தண்ணீர் மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ஓரத்தில் சில கொக்குகள். கைடு வைத்திருந்தவள் ஈரநிலம் என்றால் என்ன என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ஏரி முடிந்து, ரயில் செங்கல்பட்டு நிலையத்துக்குள் நுழைந்த பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பதினேழு பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் இதே தடத்தில், ஈவிஎஸ் என்கிற இதே சுற்றுச்சூழல் பாடத்தை, இதைவிட மோசமாகப் படித்தவன் நான்.

கல்லூரி மாணவர்களிடம் பிடித்த பாடம் எது, பிடிக்காத பாடம் எது என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஆசிரியரின் பெயராகத்தான் வரும். "அந்த மேடம் எடுத்தா பிடிக்கும்", "அந்த சார் வந்தா தூக்கம் வரும்." அது உண்மைதான், ஆனால் முழு உண்மையில்லை. பேச்சு இந்தப் பக்கம் திரும்பினாலே ராமானுஜனை இழுத்துவருவதும் நம் வழக்கம்: கணக்கில் புலி, பச்சையப்பன் கல்லூரியில் 1906இல் எஃப்.ஏ. தேர்வில் உடலியல் உள்ளிட்ட பாடங்களில் சறுக்கித் தோற்றவர் என்று. மேதைக்கு நேர்ந்த அநியாயத்தைச் சொல்லி உச்சுக்கொட்டுவது எளிது. மேதையாக இல்லாத, அரியர் வைக்காமல் வெளியே வந்தால் போதும் என்றிருக்கிற லட்சக்கணக்கானவர்களுக்கு அந்தக் கதை எதற்கும் உதவாது. நான் அந்த லட்சத்தில் ஒருவன். அதனால் என் கதையையே சொல்கிறேன்.

நான் படித்தது இயற்பியல். மிகவும் பிடித்தது பகுதி ஒன்று தமிழ். அலைடு கணிதத்தைக் கண்டால் பயம். ஆனால் பயம் வேறு, வெறுப்பு வேறு. பயப்படும் பாடத்துக்கு மனசில் ஓர் இடம் இருக்கிறது. சுற்றுச்சூழல் பாடத்துக்கு அந்த மரியாதைகூட இல்லை. மூன்று வருடத்தில் எந்தப் பாடம் உனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை என்று கேட்டிருந்தால், "அது ஒரு பாடமா?" என்றுதான் முதலில் கேட்டிருப்பேன்.

தமிழ் ஏன் பிடித்தது? எங்கள் தமிழ் ஐயா ஒருநாள் பெரும்பாணாற்றுப்படையோடு வந்தார். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றியது என்பதெல்லாம் பரீட்சைக்கு. அவர் அதை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டுக் கேட்டார்: "கேளம்பாக்கம் பக்கத்துலேர்ந்து வர்றவங்க யாருப்பா?" மூன்று நான்கு கைகள் உயர்ந்தன. "உப்பளத்தைப் பார்க்காம ஒரு நாளாவது பஸ்ஸுல வந்திருக்கீங்களா?" பாட்டில் உமணர்கள் உப்பு வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். வண்டிச் சக்கரம், கூடவே நடக்கும் பெண்கள், கட்டித் தொங்கவிட்ட பானை என ஒவ்வொன்றாக இறக்கிவைத்தார். பாணன் நடந்துபோகும் வழியில் இடையர்களும் உழவர்களும் வலைஞர்களும் வந்தார்கள். பிறகு கடற்கரையில் ஒரு பட்டினம், நீர்ப்பெயற்று. அங்கே உயர்ந்த மாடத்தில் கப்பலுக்கு வழிகாட்ட விளக்கு எரிகிறது. அது மாமல்லபுரமாக இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு என்றார் ஐயா. மாமல்லபுரத்திலிருந்து வரும் பையன்கள் இரண்டாவது பகுதியைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அன்று முழுக்க அவர்கள் நடையே வேறாக இருந்தது.

அதே கட்டடத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பில், இரண்டு துறைகளை ஒரே அறையில் அடைத்துச் சுற்றுச்சூழல் நடக்கும். யாருக்கு வகுப்பு நேரம் குறைகிறதோ அவர் தலையில் அந்தப் பாடம் விழும். ஒரு பருவத்தில் மூன்று பேர் மாறி மாறி வந்தார்கள். மூவரும் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதினோம். அமேசான் காடு, ஓசோன் படலம், போபால், செர்னோபில். செர்னோபில் விபத்து 1986இல் நடந்தது என்று இரண்டு பக்கம் எழுதினேன். கல்பாக்கத்தில் முதல் அணு உலை வணிகரீதியாக மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது 1984. கல்பாக்கத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்த நண்பன் எனக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்திருந்தான். உங்கள் ஊரில் என்ன சொல்லிவைத்திருக்கிறார்கள், சைரன் ஒத்திகை உண்டா, மீன்பிடிக்கிறவர்கள் எதுவரை போகலாம் என்று ஒரு கேள்வி யாரும் அவனைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டாயிரம் ஆண்டுப் பழைய பாட்டு எங்கள் பஸ் ரூட்டில் நடந்தது. எங்களைச் சுற்றியிருந்த சூழல் பிரேசிலிலும் உக்ரைனிலும் நடந்தது. இதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம்.

இந்தப் பாடம் கல்லூரிக்குள் வந்த கதையே தனி. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பரில், பள்ளி கல்லூரிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்ற திசையில் உத்தரவிட்டது. ஏட்டளவில் கிடந்ததை 2003 டிசம்பரில் மறுபடி அழுத்திச் சொன்னது. பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் பொதுவான ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தது. அதற்கான பாடநூலை எழுதியவர் புனேயைச் சேர்ந்த ஈராக் பருச்சா. ஐம்பது வகுப்புகள், எட்டு அலகுகள்.

நான் பட்டம் வாங்கிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்தப் பாடத்திட்டத்தை எடுத்து முழுதாகப் படித்தேன். எட்டாவது அலகின் தலைப்பு: களப்பணி. உள்ளூர் நதி, காடு, மலை, புல்வெளி ஏதேனும் ஒன்றுக்குப் போய் அங்கே இருப்பதைப் பதிவுசெய்ய வேண்டும். மாசுபட்ட இடம் ஒன்றைப் பார்க்க வேண்டும். சாதாரணச் செடிகள், பூச்சிகள், பறவைகளை அறிய வேண்டும். ஒரு குளத்தையோ ஆற்றையோ எளிய சூழலமைப்பாக ஆராய வேண்டும். நூற்றுக்கு இருபத்தைந்து மதிப்பெண் இதற்கு. பிடிக்காத பாடத்தின் வயிற்றுக்குள்ளேயே பிடித்திருக்கக்கூடிய பாடம் இருந்திருக்கிறது! பிறகு பாடத்திட்டம் திருத்தப்பட்டபோதும் களப்பணி போகவில்லை.

எங்களுக்கும் களப்பணி நடந்தது, காகிதத்தில். சீனியர் ஒருவரின் ரெக்கார்டு நோட்டு விடுதியில் கைமாறிக்கொண்டே இருந்தது. அதில் இருந்த குளத்தின் பெயரைக்கூட மாற்றாமல் அறுபது பேரும் எழுதினோம். படம் வரைவதற்கு மட்டும் கொஞ்சம் சிரமப்பட்டோம். கையெழுத்து விழுந்தது, இன்டர்னல் விழுந்தது. அந்தக் குளம் எந்த ஊரில் இருக்கிறது என்று எனக்கு இதுவரை தெரியாது. ஒரு குளத்தை அறுபது பேர் ஆராய்ந்து ஒருவர்கூடப் பார்க்காமல் இருந்ததை மோசடி என்று சொன்னால் அதில் என் பங்கும் உண்டு.

நாங்கள் போயிருக்க வேண்டிய இடங்களை யோசித்தால் எரிச்சல்தான் வருகிறது. செங்கல்பட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் வேடந்தாங்கல். சுமார் 30 ஹெக்டேர் ஏரி. தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் அரிவாள் மூக்கனும் கூடு கட்டுகின்றன. எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் போனால் தனியாக உரம் வேண்டியதில்லை என்பது அந்த ஊர்க்காரர்கள் தலைமுறைகளாக அறிந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட வந்தபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டுப் பாதுகாப்பு உரிமை வாங்கினார்கள். கலெக்டர் பிளேஸ் துரை. மதுராந்தகம் ஏரிக்கரையை ராமர் காத்ததாகச் சொல்லும் கதையில் வருகிற அதே ஆள். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. நைட்ரஜன் சுழற்சி, உணவுச் சங்கிலி, பொதுவளம், சட்டம், சமூகக் கட்டுப்பாடு என ஐந்து யூனிட் ஒரே கரையில் கிடக்கிறது. பக்கத்திலேயே கரிக்கிலி. இரண்டும் 2022இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

கிழக்கே கடற்கரைச் சாலைக்குப் போனால் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை. அதன் வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், 1978இல் தொடங்கியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கிலும் விஷம் எடுத்துவிட்டுப் பாம்பை மறுபடி காட்டில் விடுகிறார்கள். நம் மருத்துவமனைகளில் பாம்புக்கடிக்கு ஏற்றும் மருந்துக்கு இங்கிருந்து போகும் விஷம் முக்கிய மூலம். செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டுப் போய், அங்கே பெருகித் தொல்லையாகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தடம் பார்த்துப் பிடித்துக் காட்டினார்கள். ஃபுளோரிடா பல்கலைக்கழகம் அவர்களைத் தேடி வந்தது. 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மணலில் விழுந்த ஒரு கோட்டைப் பார்த்து எந்தப் பாம்பு, எப்போது போனது என்று சொல்கிறவர்களை நம் மாவட்டத்து விலங்கியல் வகுப்புகள் எத்தனை முறை அழைத்திருக்கும்? கேள்வியாகவே விடுகிறேன்.

மாணவர்களுக்கு ஆர்வமில்லை என்பவர்களுக்கு ஒரு தகவல். சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகளின் முட்டைகளைக் காக்க இரவெல்லாம் நடக்கும் மாணவர்களின் அமைப்பு 1988இலிருந்து இயங்குகிறது. அவர்கள் நடப்பது சென்னையில். ஆனால் ஆமை முட்டையிடும் மணல் கோவளம், மாமல்லபுரம் தாண்டியும் நீள்கிறது. ஜனவரியிலிருந்து பனியில் மணலில் கிலோமீட்டர் கணக்காக நடக்கிறார்கள். அதற்கு கிரெடிட் கிடையாது, இன்டர்னல் கிடையாது. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. கரையில் நின்று அதைப் பார்த்த ஒரு மாணவனுக்கு, ஆமைகள் சிக்கிச் சாகும் இழுவை வலையைப் பற்றி யாரும் கைடு கொடுத்துப் படிக்கவைக்க வேண்டியதில்லை.

இப்போது என் அலைடு கணிதத்துக்கு வருகிறேன். அது பயமாகவே நின்றிருக்கும், வேலைக்குப் போன பிறகு ஒருநாள் மாமல்லபுரத்தில் சாலையோரச் சிற்பப் பட்டறை ஒன்றில் நிற்காதிருந்தால். ஒரு சிற்பி கல்லைத் தொடாமல் ஒரு குச்சியில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். என்னண்ணா இது என்றேன். "தாலம் பிரிக்கிறேன் தம்பி." சிலையின் உயரம் எத்தனை முகம் என்பதுதான் தாலக் கணக்கு. பிள்ளையாருக்கு ஐந்து தாலம். சிவனுக்கும் பெருமாளுக்கும் உத்தம தசதாலம், மொத்த உயரம் 124 அங்குலம். அம்மனுக்கு மத்தியம தசதாலம், 120. இந்த அங்குலம் கடையில் விற்கும் டேப்பில் இருக்கும் அங்குலமில்லை. செய்யப்போகும் சிலையின் உயரத்தைப் பகுத்து வருவது. ஓர் அங்குலத்துக்கு எட்டு யவை. சிலை ஓரடியோ பத்தடியோ, விகிதம் மாறாது. வகுப்பில் விகிதமும் பின்னமும் எனக்கு எண்ணாகவே வந்தன. அங்கே அவை மூக்காகவும் தோளாகவும் வந்தன. "கணக்கு தப்பினா?" என்றேன். அவர் பட்டறை மூலையைக் காட்டினார். கை முடிந்து முகம் முடியாத ஒரு கல் அங்கே கிடந்தது.

மாமல்லபுரத்தில் அரசுக் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. 1957இல் பயிற்சி நிலையமாகத் தொடங்கியது. முதலில் பொறுப்பேற்றவர் வைத்தியநாத ஸ்தபதி. அவருக்குப் பின் மகன் கணபதி ஸ்தபதி 1961 முதல் 1988 வரை அதை வளர்த்தார். வள்ளுவர் கோட்டமும் குமரிமுனை வள்ளுவர் சிலையும் அவர் வடிவமைத்தவை. குமரிச் சிலையில் பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரக் கணக்கு, அதன் மேல் சிலை 95 அடி, கூட்டினால் 133. இந்தக் கணக்கைப் போட்டவர் காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதப் பட்டம் வாங்கியவர் என்பதை நான் படித்தபோது, மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறாமல் கல்லூரி அறைக்குள் உட்கார்ந்து சூத்திரம் மனப்பாடம் செய்த என் மூன்று ஆண்டுகள் மேல் எனக்குக் கோபமே வந்தது. ஐந்து ரதங்கள் இருக்கும் இடம் ஒரு வகையில் முடிக்காத பயிற்சி நோட்டு: மேலிருந்து கீழே செதுக்கி வந்து அடியில் அப்படியே விட்டுப்போன பாறை, எந்த வரிசையில் வேலை நடந்தது என்பதைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே படிக்கும் எல்லோருக்கும் எல்லாப் பாடமும் பிடிக்கும் என்று நான் நம்பவில்லை. கோடு வரைந்து வரைந்து கை வலிக்கும் நாட்கள் அங்கும் இருக்கும். சலிப்பே இல்லாத கல்வி உண்டு என்று யாராவது விற்க வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள். நான் சொல்வது வேறு: அந்தச் சலிப்பின் மறுமுனையில் ஒரு கல் இருக்கிறது. எங்கள் ஈவிஎஸ் சலிப்பின் மறுமுனையில் ஒரு கைடுதான் இருந்தது.

ஆசிரியர்களை நோக்கிக் கைநீட்டுவது எனக்கு உவப்பில்லை. கௌரவ விரிவுரையாளராகத் தொகுப்பூதியத்தில் இருப்பவரிடம், அறுபது பிள்ளைகளை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போ, ஒருத்தன் தண்ணீரில் இறங்கினால் நீதான் பொறுப்பு என்றால் அவர் என்ன செய்வார்? வகுப்பறையில் வரையறை சொல்லித் தருவார். மாலையில் மறைமலைநகர்க் கம்பெனியில் ஷிப்டுக்குப் போகும் மாணவனுக்குச் சனிக்கிழமைச் சுற்றுலா சம்பளவெட்டு. வீட்டில் அனுமதிக்காத பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். இதையெல்லாம் யோசிக்காமல் "களப்பணியைக் கட்டாயமாக்கு" என்று சுற்றறிக்கை விட்டால், கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் மறுநாளே வேடந்தாங்கல் புராஜெக்ட் விலைக்குக் கிடைக்கும். ஐந்து காப்பி வாங்கினால் ஒன்று இலவசமாகவும் கிடைக்கலாம்.

அதனால் பஸ் பிடிக்க வேண்டியதில்லை என்கிறேன். செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்கிறோம். பெரும்பாலான மாணவர்களின் ஊரிலேயே ஓர் ஏரியோ குட்டையோ இருக்கிறது, அல்லது இருந்த இடம் இருக்கிறது. எழுத்துத் தேர்வை அடியோடு எடுத்துவிட்டு எட்டாவது யூனிட்டையே முழுப் பாடமாக்கலாம். உன் ஊர் ஏரிக்கு வரத்துக் கால்வாய் எங்கிருந்து வருகிறது? மதகு எத்தனை, எந்த மதகைத் திறந்தால் எந்த வயல் பாயும்? கலங்கல் வழியாக மிஞ்சிய தண்ணீர் எந்த ஏரிக்குப் போகும், இப்போது அந்த வழியில் என்ன கட்டியிருக்கிறார்கள்? வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்ச நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தாரே, அவர் வீடு எது? கடற்கரைப் பிள்ளையானால் கேள்வி வேறு: உங்கள் குப்பத்தில் உன் தாத்தா வலை காயவைத்த மணல் இப்போது எங்கே? நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013இலிருந்து ஓடுகிறது, 2024இல் இரண்டாவதும் வந்துவிட்டது. அதைப் பற்றி உன் ஊரில் மீன்பிடிப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? இந்தப் பதில்களை எந்தக் கைடும் அச்சடிக்க முடியாது, ஏனென்றால் ஊருக்கு ஊர் பதில் வேறு. ஆசிரியர் பத்து நிமிடம் நேரில் கேள்வி கேட்டால் போதும், போனவன் யார் போகாதவன் யார் என்று தெரிந்துவிடும். பருவத்துக்கு இரண்டு முறையாவது ஓர் இருளரையோ சிற்பியையோ மீனவரையோ வகுப்புக்கு அழைத்து, பொன்னாடையோடு அனுப்பாமல் ஒரு விரிவுரைக்கு உரிய பணத்தைக் கொடுக்க வேண்டும். பகுதி நான்கின் மூலையில் கிடக்கும் பாடத்துக்கு இவ்வளவா என்று கேட்பார்கள். மேஜர் பாடத்துக்குக் கைவைக்காமல் சோதனை செய்து பார்க்க அந்த மூலைதான் வசதி.

என் தேர்வு முடிவையும் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத் தேர்வில் இந்திய ஈரநிலம் ஒன்றைப் பற்றிக் குறிப்பு வரையச் சொல்லியிருந்தார்கள். கைடில் இருந்தபடி ஒடிசாவின் சிலிகா ஏரியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். 1981இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது உட்பட ஒரு வரி விடவில்லை. தமிழைவிட ஈவிஎஸ்ஸில் எனக்கு மூன்று மதிப்பெண் அதிகம். அந்தத் தேர்வு முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது ரயில் கொளவாய் ஏரியைக் கடந்தது. மறுநாள் தேர்வுக்கு அலைடு கணிதக் கைடை அப்போதே விரித்துவிட்டிருந்தேன்.